விட்டுவிட்டால் செல்வம் வருமா? யோகசூத்திரம் என்ன சொல்கிறது?

கேள்வி: மகாமகக்கரை

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சில ஆண்டுகளாக யோக வகுப்பு ஒன்றுக்குச் சென்று வருகிறேன். ஆசனமும் பிராணாயாமமும் நன்றாகவே கற்றுத் தருகிறார்கள். முதுகுவலி குறைந்ததற்கும் இரவில் தூக்கம் வருவதற்கும் அந்த வகுப்புக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அண்மையில் அங்கே "விடுதலும் வளத்தை வரவேற்றலும்" என்று ஒரு தனிப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுத்துவிட வேண்டும். பழைய மனக்கசப்புகளைத் தாளில் எழுதிக் கிழித்துப் போட வேண்டும். பிறகு நமக்கு வேண்டிய தொகையையோ வீட்டையோ வேலையையோ மனத்தில் உருவகித்துக் கண்மூடி அமர வேண்டும். காலியான இடத்தைப் பிரபஞ்சம் தானாக நிரப்பும் என்கிறார்கள். இதற்கு ஆதாரமாகப் பதஞ்சலியின் யோகசூத்திரத்தில் இரண்டாம் பாதத்தின் (அத்தியாயத்தின்) 37, 39ஆம் சூத்திரங்களைக் காட்டுகிறார்கள்.

என் நிலையையும் சொன்னால்தான் கேள்வி விளங்கும். என் தாயார் காலமாகி ஓராண்டு நிறைந்துவிட்டது. கும்பகோணத்தில் அவர் வாழ்ந்த வீட்டை இப்போது காலி செய்ய வேண்டியிருக்கிறது. பித்தளை அண்டாக்கள், வெண்கலப் பானை, ரசம் வைக்கும் ஈயச்செம்பு, இரண்டு குத்துவிளக்குகள், ட்ரங்குப் பெட்டி நிறையப் பட்டுப்புடவைகள் என்று வீடு முழுவதும் பொருள்கள். பாத்திரங்கள் பலவற்றின் விளிம்பில் அம்மாவின் பெயரும் திருமண நாளும் வெட்டப்பட்டிருக்கின்றன. தம்பி வெளிநாட்டில் இருப்பதால் இன்னும் வந்து பார்க்கவில்லை. என் கணவருக்கு ஓய்வு பெறும் காலம் நெருங்கிவிட்டது. மகளின் திருமணத்துக்கும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பில் சொன்னபடி சில பொருள்களைக் கொடுத்தும் பார்த்தேன். ஆனால் கொடுத்த கையோடு, "இதற்கு என்ன வரும்" என்று மனம் காத்திருப்பதைக் கண்டபோது எனக்கே அது பிடிக்கவில்லை. விட்டால் செல்வம் வரும் என்று பதஞ்சலி உண்மையிலேயே சொல்கிறாரா? பொருள் சேர்க்காமை துறவிகளுக்கு உரியது என்றால், மகளுக்காகச் சேமிக்கும் என் போன்றவர்கள் அதை எப்படிக் கைக்கொள்வது? நூல்களைக் கற்றவர்களும் பயிற்சியில் ஊறியவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: சாங்கியன்

சகோதரி அவர்களுக்கு வணக்கம். சூத்திரங்களை அவை இருக்கும் இடத்திலேயே வைத்துப் பார்த்தால் பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் பாதத்தின் 30ஆம் சூத்திரம் ஐந்து இயமங்களை, அதாவது விலக்க வேண்டியவற்றைப் பற்றிய கட்டுப்பாடுகளைச் சொல்கிறது: அஹிம்சை, சத்தியம், அஸ்தேயம் (கள்ளாமை), பிரம்மசரியம், அபரிக்ரஹம் (பொருள் சேர்க்காமை). 32ஆம் சூத்திரம் தூய்மை, சந்தோஷம், தவம் முதலிய ஐந்து நியமங்களை, அதாவது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்களைச் சொல்கிறது. இவை ஒருவரிடம் அசைக்க முடியாதபடி நிலைபெற்றுவிட்டால் என்ன நிகழும் என்பதை 35 முதல் 45 வரையிலான சூத்திரங்கள் கூறுகின்றன. கொல்லாமையில் நிலைபெற்றவரின் அருகில் பகை நீங்கும் என்று தொடங்கும் அந்த வரிசையில்தான் 37ஆம் சூத்திரம் வருகிறது: "அஸ்தேய ப்ரதிஷ்டாயாம் ஸர்வ ரத்ன உபஸ்தானம்." கள்ளாமையில் நிலைபெற்றவரிடம் எல்லா ரத்தினங்களும் வந்து நிற்கும் என்பது இதன் பொருள். யோகசூத்திரத்துக்குப் பழைய உரை எழுதிய வியாசர் அவை எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். ஆகவே, செல்வம் வருவதைப் பற்றி நூலில் பேச்சே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது.

ஆனால் அடுத்ததைக் கவனியுங்கள். பொருளை விடுவதைப் பற்றிய சூத்திரம் 37 அன்று, 39. அங்கே பதஞ்சலி எந்தச் செல்வத்தையும் வாக்களிக்கவில்லை. அபரிக்ரஹம் உறுதிப்பட்டவருக்குத் தம் பிறவிகள் எப்படி, ஏன் நேர்ந்தன என்ற அறிவு பிறக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். "நான் யாராக இருந்தேன், எப்படி இருந்தேன், இந்தப் பிறவி என்பது என்ன, இனி யாராக ஆவோம்" என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும் என்று வியாசர் அதை விரிக்கிறார். கையில் இருப்பதை விட்டவருக்குத் தம்மைப் பற்றிய தெளிவு கிடைக்கிறது. பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவரிடம் ரத்தினம் வருகிறது. உங்கள் வகுப்பில் இந்த இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து, விட்டவருக்கு ரத்தினம் வரும் என்று ஆக்கிவிட்டார்கள். அப்படி ஒரு சூத்திரம் அந்த நூலில் இல்லை.

அஸ்தேயம் என்பதற்கு வியாசர் தரும் விளக்கமும் இங்கே முக்கியமானது. முறையின்றிப் பிறரிடமிருந்து பொருளை எடுப்பது களவு என்று சொன்ன அவர், அதைத் தவிர்ப்பதோடு நில்லாமல் அந்தப் பொருளின்மீது நாட்டமே இல்லாதிருத்தல்தான் அஸ்தேயம் என்கிறார். ரத்தினங்கள் யாரிடம் வந்து நிற்கின்றனவோ அவருக்கு அவை வேண்டியிருக்கவில்லை. வேண்டிய தொகையை நாள்தோறும் மனத்தில் எழுதிப் பார்க்கும் பயிற்சி, அந்த நிலைக்கு நேர் எதிர்த்திசையில் மனத்தை நடத்துகிறது. நம் வள்ளுவர் அவா அறுத்தல் அதிகாரத்தில் இதைத் தமிழில் சொல்லிவிட்டார்:

"வேண்டாமை அன்ன விழுச்செல்வம் ஈண்டில்லை
யாண்டும் அஃதொப்பது இல்."

செல்வம் தேடி வரும்போது யோகி என்ன செய்ய வேண்டும் என்பதையும் பதஞ்சலி சொல்லாமல் விடவில்லை. மூன்றாம் பாதத்தின் 51ஆம் சூத்திரத்தில் (சில பதிப்புகளில் எண் ஒன்று மாறும்) உயர்ந்த இடங்களில் உள்ளோர் அழைத்தாலும் பற்றும் கூடாது, பெருமிதமும் கூடாது என்கிறார். வியாசரின் உரை இந்த இடத்தில் ஒரு நாடகக் காட்சியைப் போல விரிகிறது. தேவர்கள் வந்து, "இங்கே அமருங்கள், இங்கே இன்புறுங்கள், இந்தப் போகம் விரும்பத்தக்கது, இந்தக் கன்னி விரும்பத்தக்கவள், இந்த மருந்து மூப்பையும் சாவையும் விலக்கும்" என்று ஒவ்வொன்றாகக் காட்டி அழைக்கிறார்கள். யோகியோ, பிறவித் தீயில் வெந்து வெந்து எப்படியோ ஒரு விளக்கைப் பெற்ற நான், இந்தக் காற்றுக்கு அதை அணையவிடலாமா என்று எண்ணி அங்கிருந்து மனத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதோடு, தேவர்களே என்னை அழைக்கிறார்களே என்ற பெருமையும் அவனுக்குள் எழக்கூடாதாம். வளத்தை வரவேற்பது யோகத்தின் நோக்கம் என்று சொல்வோர் இந்தப் பகுதியை ஒருமுறையேனும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

"நினைத்தால் பிரபஞ்சம் தரும்" என்ற கருத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், எண்ணத்தால் நோய் தீரும் என்று சொன்ன பினியாஸ் க்விம்பி போன்றவர்களின் வழியில் "புதிய சிந்தனை" என்ற இயக்கம் வளர்ந்தது. நோய்க்குச் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் பணத்துக்கும் நீட்டினார்கள். 1894இல் மெய்ன் மாநிலத்தின் கிரீன் ஏக்கர் முகாமில் விவேகானந்தர் பேசியபோது அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள் பலர் அங்கே இருந்தனர். யோகம் மேலைநாட்டில் கால்வைத்த நாள்முதலே இந்த இரண்டு ஓடைகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக் கலந்துவிட்டன. இன்று அந்தக் கலப்பு பதஞ்சலியின் பெயரைத் தாங்கி நம் ஊருக்கே திரும்பி வருகிறது.

மறுமொழி: ஈரோட்டு வாசகர்

சாங்கியன் அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் செல்வத்தை விரும்புவதே யோக மரபுக்கு அயலானது என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு ஏற்பட்டுவிடக்கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில் வரும் ஆவஹந்தி மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடையும் பசுக்களும் உணவும் நீரும் எப்போதும் குறைவின்றி வரட்டும், திருவை என்னிடம் கொண்டுவா என்று அங்கே ஓர் ஆசிரியர் வெளிப்படையாகவே வேண்டுகிறார். இன்றைக்கும் வீடுகளில் அதை ஹோமமாகச் செய்கிறார்கள். அதே உபநிடதம் பிருகுவல்லியில் "உணவைப் பெருக்கு, அதை ஒரு விரதமாகக் கொள்" என்கிறது. "பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லாகியாங்கு" என்று வள்ளுவரே அருளுடைமையைப் பேசும் இடத்தில் சொல்லியிருக்கிறார். வறுமையில் வாடும் ஒருவரிடம் சென்று, வேண்டாமையே பெருஞ்செல்வம் என்று உபதேசிப்பது இரக்கமில்லாத செயல். அவருக்கு வேண்டியது சோறு.

என் மனத்தில் நிற்பது அந்த ஆவஹந்தி மந்திரத்தின் அடுத்த பகுதி. திரு வரட்டும் என்று கேட்ட ஆசிரியர், உடனே தொடர்ந்து, எல்லாத் திசைகளிலிருந்தும் மாணவர்கள் என்னிடம் வரட்டும், தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதைப் போல வரட்டும் என்று வேண்டுகிறார். வந்து தங்கும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுத் துணி கொடுத்துப் படிப்பும் சொல்லித் தர வேண்டிய ஒருவரின் வேண்டுதல் அது. அவர் கேட்கும் வளம் அவர் கையில் தங்குவதற்காகக் கேட்கப்படவில்லை. இப்படிப்பட்ட வேண்டுதலில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

வீட்டை ஒழிப்பதும் நல்லதுதான். போகியன்று நாம் செய்வதும் அதுவே. (அன்றைக்கு எல்லோரும் சொல்லும் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்பது நன்னூலில் வரும் இலக்கண விதி, வழக்கொழியும் சொற்களையும் புதிதாக வந்து சேரும் சொற்களையும் பற்றியது.) பயிற்சி முழுவதையும் தள்ளிவிடாமல், அதில் கேட்கும் முறையைச் சகோதரி மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மறுமொழி: இல்லறத்தாள்

மகாமகக்கரை அக்காவுக்கு வணக்கம். உங்கள் இரண்டாம் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இதே கேள்வியோடு நானும் நெடுங்காலம் இருந்திருக்கிறேன்.

அபரிக்ரஹத்துக்கு வியாசர் கூறும் காரணம் மிகவும் நடைமுறை சார்ந்தது. பொருளை ஈட்டுவதில் உள்ள துன்பம், காப்பதில் உள்ள துன்பம், அது அழியும்போது வரும் துன்பம், அதன்மேல் வளரும் பற்று, அதற்காகப் பிற உயிர்களுக்கு நேரும் தீங்கு என்று ஐந்து குறைகளைக் கண்டு, அதனால் ஏற்காமல் இருப்பதே அபரிக்ரஹம் என்கிறார். இதில் பெரும்பகுதியை நாலடியாரும் ஈயாமை அதிகாரத்தில் சொல்லியிருக்கிறது:

"ஈட்டலும் துன்பமற்று ஈட்டிய ஒண்பொருளைக்
காத்தலும் ஆங்கே கடுந்துன்பம் காத்தல்
குறைபடில் துன்பம் கெடில்துன்பம் துன்பக்கு
உறைபதி மற்றைப் பொருள்."

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்களுக்கும், மழைக்காலத்தில் பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்து பூச்சி அரித்திருக்கிறதா என்று மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கும் இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது.

அப்படியென்றால் இல்லறத்தார் என்ன செய்வது? இரண்டாம் பாதத்தின் 31ஆம் சூத்திரத்தில் ஒரு வழி இருக்கிறது. பிறப்பு, இடம், காலம், சூழ்நிலை ஆகிய எந்த வரம்பும் இல்லாமல் எங்கும் எப்போதும் காக்கப்படும்போது இயமங்கள் "மகாவிரதம்" ஆகின்றன என்கிறது அது. வரம்பு இல்லாதது மகாவிரதம் என்றால், வரம்போடு காக்கும் விரதமும் உண்டு என்பதுதானே பொருள்? சமணர்கள் இதை இன்னும் தெளிவாக வகுத்திருக்கிறார்கள். துறவிகளுக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். அணுவிரதங்களில் ஐந்தாவது, பொருளுக்கு அளவு வைத்தல். இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு பாத்திரம், இவ்வளவு தானியம் எனக்குப் போதும் என்று ஒரு குடும்பத்தார் தாமே வரையறுத்து, அதற்கு மேல் வருவதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அளவை யாரும் வெளியிலிருந்து விதிப்பதில்லை. ஆனால் வைத்த பிறகு, வருமானம் கூடியதற்காக அதை உயர்த்திக்கொண்டே போகக்கூடாது. இந்த ஒரு நிபந்தனையில்தான் அதன் கடினம் முழுவதும் இருக்கிறது.

மகளின் திருமணத்துக்குச் சேமிப்பது பரிக்ரஹம் ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். என் மனம் ஆகாது என்றே சொல்கிறது. இல்வாழ்வான் காக்க வேண்டியவர்களை எண்ணும்போது "தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் தானென்றாங்கு" என்று சுற்றத்தையும் தன்னையும் வள்ளுவர் சேர்த்தே சொல்கிறார். ஆனால் திருமணத்துக்கு இவ்வளவு போதும் என்று கணவரோடும் மகளோடும் உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்துகொள்ளுங்கள். ஊரார் வீட்டுத் திருமணங்களைப் பார்த்துப் பார்த்து அந்தத் தொகை வளரத் தொடங்கும் இடத்தில்தான் பரிக்ரஹம் நுழைகிறது.

காந்தியடிகளின் வாழ்க்கையில் இது தொடர்பான ஒரு நிகழ்ச்சி உண்டு. தென்னாப்பிரிக்காவில் கீதையை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்த நாள்களில் அபரிக்ரஹம் என்ற சொல் அவரைப் பற்றிக்கொண்டது. மனைவி மக்களுக்காகத் தாம் எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டைத் தொடர வேண்டாம் என்று கடிதம் எழுதிவிட்டார். இனிமேல் சேமிக்கும் பணம் சமூகத்துக்கே போகும் என்று அண்ணனுக்கும் எழுதினார். அண்ணன் அதைக் கேட்டு மிகவும் மனம் வருந்தினார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் மேலாடையை விட்டு அரையாடைக்கு மாறியவரின் உறுதி அது. அவர்மீது எனக்குப் பெரும் பக்தி உண்டு. ஆனாலும் காப்பீட்டை நிறுத்தச் சொல்லி எந்தக் குடும்பத் தலைவருக்கும் நான் யோசனை சொல்லமாட்டேன். ஒருவர் எடுக்கும் விரதத்தின் சுமை, அதை எடுக்காத மனைவி மக்களின் தோளில் ஏறக்கூடாது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அறங்காவலர் கருத்தைத்தான்: கையில் இருக்கும் பொருளுக்கு நான் காவல் இருக்கிறேன், அது யாருக்குத் தேவையோ அவர்களுக்குச் சேர வேண்டியது என்ற நினைப்பு.

திருமூலர் இயமத்தில் நிற்பவனின் இயல்புகளைச் சொல்லும் பாட்டில் கொல்லான், பொய் கூறான், களவிலான் என்ற வரிசையில் "பகுந்துண்பான்" என்பதையும் சேர்த்திருக்கிறார். பதஞ்சலியின் ஐந்தில் இது தனியாக இல்லை. இல்லறத்தில் இருக்கும் நமக்கு, விடுவது என்பதன் நடைமுறை வடிவம் இதுதான் என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி கேட்டவரின் பதில்: மகாமகக்கரை

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆவஹந்தி மந்திரத்தின் பின்பகுதி எனக்குப் புதிது. வகுப்பில் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். திருமணச் செலவுக்கு அளவு வைப்பது பற்றி வீட்டில் பேசத் தொடங்கிவிட்டோம்.

மனத்தில் மிஞ்சியிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். புடவைகளைக் கொடுப்பது எனக்கு அவ்வளவு கடினமாக இல்லை. ஆனால் பெயர் வெட்டிய அந்தப் பாத்திரங்களைக் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கோவில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிடுங்கள், அதுதான் உண்மையான விடுதல், அதன் பலன் பல மடங்காக வரும் என்று வகுப்பில் சொல்கிறார்கள். எனக்கு இருப்பது பற்று என்றால் அதை எப்படி நீக்குவது?

மறுமொழி: பழைய ஆசிரியர்

அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்தேன். பல ஆண்டுகள் யோகம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

தாயை இழந்து ஓராண்டுதான் ஆகியிருக்கிறது. அந்தத் துயரத்துக்குப் பரிக்ரஹம் என்று பெயரிட்டு, அதை ஒரு குற்றமாக்கி, உடனே களைய வேண்டும் என்று யாரும் உங்களை விரட்டக்கூடாது. பற்று, அதாவது ராகம், முன்பு நுகர்ந்த இன்பத்தைத் தொடர்ந்து வருவது என்று இரண்டாம் பாதத்தின் 7ஆம் சூத்திரம் சொல்கிறது. அம்மாவோடு வாழ்ந்த நாள்களின் இனிமை அந்த வெண்கலப் பானையின் விளிம்பில் ஒட்டியிருக்கிறது. பானையைக் கொடுத்துவிட்டால் அந்த நினைவு போய்விடும் என்று ஒரு பக்கமும், கொடுக்காவிட்டால் நான் பற்றுள்ளவள் என்று மற்றொரு பக்கமும் மனம் இழுபடுகிறது. இந்த இழுபறியில் செய்யும் தானம் எதுவாக இருந்தாலும் அதில் அமைதி இருக்காது.

வைராக்கியம், அதாவது பற்றின்மை, ஒரே நாளில் வருவதாக நம் நூல்கள் சொல்லவில்லை. வியாசரின் உரைக்கு விளக்கம் எழுதிய வாசஸ்பதி மிச்ரர் நான்கு படிகளைச் சொல்கிறார். முதலாவது, விட வேண்டும் என்ற முயற்சியைத் தொடங்குவது. இரண்டாவது, எதன்மேல் இருந்த ஆசை கனிந்து உதிர்ந்துவிட்டது, எதன்மேல் இன்னும் உதிரவில்லை என்று பிரித்து அறிவது. மூன்றாவது, புலன்கள் ஓய்ந்தபின் மனத்தில் மட்டும் ஒரு ஏக்கமாக அது மிஞ்சியிருப்பது. நான்காவதில்தான் அந்த ஏக்கமும் வசப்படுகிறது. பதஞ்சலி முதல் பாதத்தின் 15ஆம் சூத்திரத்தில் வசீகாரம் என்று சொல்வது இந்த நிலையைத்தான். புடவைகள் எளிதாகப் போயின, பாத்திரங்கள் போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பிரித்துப் பார்த்துவிட்டீர்கள் என்றால் இரண்டாம் படியில் நிற்கிறீர்கள். உதிர்ந்ததைக் கொடுங்கள். உதிராததை இப்போதைக்கு வைத்திருங்கள். குறிப்பாக ஒன்றிரண்டைப் பரணில் ஏற்றாமல் அடுப்படியிலேயே வைத்து அன்றாடம் புழங்குங்கள். அந்த ஈயச்செம்பில் ரசம் கொதிக்கட்டும். புழங்கும் பொருள்மீது உள்ள அன்பு மெல்லப் பக்குவப்படும் என்பதைப் பலருடைய வீடுகளில் கண்டிருக்கிறேன். பூட்டி வைத்த பொருளிடம் அந்தப் பக்குவம் வருவதில்லை.

"பலன் பல மடங்காக வரும்" என்று சொல்லிக் கொடுக்க வைப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர், வறியார்க்குக் கொடுப்பதைத் தவிர மற்றக் கொடைகள் எல்லாம் "குறியெதிர்ப்பை நீரது உடைத்து" என்கிறார். பக்கத்து வீட்டுக்கு ஒரு படி அரிசி அளந்து கொடுத்து, பிறகு அதே படியால் அளந்து திரும்ப வாங்குகிறோமே, அந்தக் கைம்மாற்று போன்றது அது. கொடுத்த கையோடு மனம் காத்திருந்தது, அது பிடிக்கவில்லை என்று முதலில் எழுதியிருந்தீர்கள். உங்கள் மனம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, அதை நம்புங்கள்.

இன்னொன்றை யாரும் குறிப்பிடவில்லை, ஆனால் எனக்கு அதுவே முதலில் தோன்றியது. இயமங்களின் வரிசையில் அபரிக்ரஹத்துக்கு முன்பே அஸ்தேயம் வருகிறது. விடுவதற்கு முன், அது நம்முடையதுதானா என்று பார்க்க வேண்டும். அம்மாவின் பொருள்கள் உங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. உயில் எதுவும் இல்லையென்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி ஒரு பெண்ணின் சொத்து அவருடைய மகன்களுக்கும் மகள்களுக்கும், கணவர் இருந்தால் அவருக்கும், சமமாகச் சேரும். சட்டத்தை விட்டுவிட்டாலும், அந்தப் பாத்திரங்களில் உள்ள பெயர் உங்கள் தம்பிக்கும் அம்மாவின் பெயர்தான். அவர் பார்ப்பதற்கு முன் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டால், ஊரார் அதைத் தியாகம் என்று புகழலாம். அவர் மனத்தில் அது வேறுவிதமாகத் தங்கிவிடும். இருவர் சேர்ந்து கொடுக்கும்போது அந்தக் கொடையில் சண்டைக்கும் இடமிருக்காது, குற்ற உணர்வுக்கும் இடமிருக்காது. அவர் வரத் தாமதமானால் ஒவ்வொன்றையும் படம் எடுத்து அனுப்பி, எது வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் எதிர்பாராத ஏதோ ஒரு சின்னக் கரண்டியை அவர் கேட்கக்கூடும்.

வகுப்புக்குத் தொடர்ந்து போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆசனமும் பிராணாயாமமும் உங்களுக்கு நன்மை செய்திருக்கும்போது அவற்றை நிறுத்த வேண்டிய தேவை இல்லை. தனிப் பயிற்சியில் மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதை உருவகிக்கும் நேரத்தில், நீங்கள் முதல் பாதத்தின் 34ஆம் சூத்திரம் காட்டும் வழியில் அமர்ந்திருங்கள்: மூச்சை மெதுவாக முழுவதும் வெளியே விட்டு, இயன்ற அளவு, வலிந்து அடக்காமல், அப்படியே சற்று நிறுத்தி, பிறகு தானாக உள்ளே வரவிடுங்கள். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் மூச்சை நிறுத்த வேண்டாம், நீளமாக விடுவது மட்டும் போதும். தம்பியோடு பேசிய பிறகு, எந்தப் பாத்திரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் ஐயம் வந்தால் இங்கேயே எழுதுங்கள்.